குதிக்காலில் ஒரு கறுப்பு: எங்கள் தோலுக்கும் புற்றுநோய் வருமா?

செம்பாட்டான் (ஏழாலை)

மெல்பேர்ணில் இருக்கும் மச்சான் குடும்பக் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். மச்சம் எப்படி இருந்தால் ஆபத்து என்று ஐந்து கட்டங்கள். ஐந்திலும் வெள்ளைத் தோல். “இது அவையின்ரை வருத்தம், எங்கடை தோல் வெயிலுக்கெண்டே செய்தது” என்று பெரியப்பா எழுதினார். எல்லோரும் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார்கள்.

எனக்குத்தான் விடவில்லை. அம்மாவின் வலது குதிக்காலில் ஒரு கறுப்பு இருக்கிறது. வெங்காயத் தோட்டத்தில் வெறுங்காலோடு நின்றே பழகியவர். முள் ஏறிக் கறுத்தது என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா அதை ஆணி என்கிறார். நோவு இல்லை. எப்போது வந்தது என்று கேட்டால் ஒரு நாள் ஒன்று சொல்கிறார், மறுநாள் வேறொன்று.

எங்களைப் போன்ற தோலுக்கு இந்த நோய் உண்மையில் வருமா? வருமென்றால் இங்கே யாரிடம் காட்டுவது?

அசல் சுன்னாகத்தான்

உங்கள் பெரியப்பா சொன்னதில் என்ன பிழை? என் அப்பு எண்பது வயது வரை மேலில் சட்டை இல்லாமல் புகையிலைக்கு இறைத்தவர். தோலில் ஒரு பருக்கூட வரவில்லை. கான்சருக்குப் பயமென்றால் வெற்றிலை போடுகிறவர்களின் வாயைத் திறந்து பாருங்கள். எங்கள் சனம் செத்துக்கொண்டிருப்பது அதில்தான். இது வெளிநாட்டுப் பயத்தை இறக்கி வெயில் கிறீம் விற்கிற வேலை.

மெல்பேர்ண் மாமா

சுன்னாகத்தான் தம்பி, கிறீம் விற்க எனக்கு ஒருவரும் காசு தரவில்லை. இந்த நாட்டில் “சட்டை போடு, கிறீம் பூசு, தொப்பி வை” என்ற பிரசாரம் 1981இல் தொடங்கியது. இங்கே பிறந்த பிள்ளைக்கு அது பால்குடி மறக்கும்போதே பாடம். தொப்பி இல்லாவிட்டால் பள்ளிக்கூட மைதானத்தில் விளையாட விட மாட்டார்கள்.

குயின்ஸ்லாந்தில் நம்பூர் என்ற ஊரில் 1992இலிருந்து ஆயிரத்து அறுநூறு சொச்சம் பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் நாள்தோறும் கிறீம் பூசினார்கள், மற்றவர்கள் விரும்பினால் பூசினார்கள். நாள்தோறும் பூசியவர்களுக்கு ஒரு வகைத் தோல் புற்றுநோய் சுமார் 40 வீதம் குறைந்தது. பிறகு பல வருடம் தொடர்ந்து பார்த்ததில் மெலனோமாவும் (தோலுக்கு நிறம் தரும் கலங்களில் தொடங்குகிற புற்றுநோய்) ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆகவே வெயில் காப்புக் காரணி (SPF) 30க்கு மேல் உள்ள கிறீம், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. இதுதான் என் கருத்து.

கோப்பாய்க் கிளி

மாமா, அந்தக் கிறீம் ஒரு குழாய் இங்கே என்ன விலை என்று தெரியுமா? கூலிக்கு வெங்காயம் நடுகிற பெண் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பூசினால் அன்றைய சம்பளம் கழுத்திலேயே போய்விடும். நம்பூரில் பார்த்தது பெரும்பாலும் வெள்ளையர்களைத்தானே?

வெள்ளைக்கோட்டு (யாழ்ப்பாணம்)

அரச ஆஸ்பத்திரிகளில் தோல் பிரிவில் வேலை செய்த வைத்தியர் நான். படம் அனுப்பி நோய் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பொதுவான விளக்கம் மட்டும் எழுதுகிறேன்.

சுன்னாகத்தான் அண்ணை வாயைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. இலங்கை ஆண்களிடம் முன்னணியில் நிற்பது வாய்ப் புற்றுநோய்தான். வெயிலைப் பற்றிச் சொன்னதிலும் பாதி சரி. தோலுக்கு நிறம் தரும் மெலனின் புற ஊதாக் கதிரை மறிக்கிறது. கறுப்பினத்தவரின் தோலை அளந்தபோது அதன் இயற்கையான காப்புக் காரணி சுமார் 13 என்று வந்தது. வெள்ளைத் தோலுக்கு 3க்குச் சற்று மேல். நாங்கள் இரண்டுக்கும் நடுவில். ஆகவே வெயிலால் வரும் தோல் புற்றுநோய் எங்களுக்குக் குறைவு. கோப்பாய்க் கிளி கேட்டதும் நியாயம்: நம்பூர் முடிவை அப்படியே தூக்கி எங்கள் தோலுக்கு வைக்க முடியாது.

சிக்கல் எங்கே என்றால், வெயிலோடு சம்பந்தமில்லாமல் வருவதும் உண்டு. மெலனோமாவில் ஒரு வகை உள்ளங்கையில், உள்ளங்காலில், நகத்துக்குக் கீழே வரும். இது எல்லா நிறத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறது. வெள்ளையருக்கு மற்ற வகைகள் மிக அதிகம் என்பதால் அவர்களுடைய சுவரொட்டியில் இது இடம்பெறுவதில்லை. எங்களைப் போன்ற தோலில் மெலனோமா வந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். சப்பாத்துக்குள்ளும் செம்மண் சேற்றுக்குள்ளும் ஒளிந்திருக்கிற இடம், யார் பார்க்கிறார்கள்? ஆணி, முள், இரத்தக்கட்டு, நகச்சொத்தை, சீனி வருத்தப் புண் என்று ஏதாவது பெயர் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நடப்பார்கள். அமெரிக்கக் கணக்கைப் பாருங்கள். மெலனோமா வந்த வெள்ளையரில் ஐந்து வருடம் தாண்டுகிறவர்கள் 90 வீதத்துக்கு மேல். கறுப்பினத்தவரில் சுமார் 70. அவர்களுக்கு நோய் வருவது குறைவு, ஆனால் வந்தவர் பிந்தி வருகிறார். உள்ளங்கால் வகை கொஞ்சம் பொல்லாதது என்பதும் ஒரு காரணம்.

மெலனோமாவின் விதியைச் சொல்வது அதன் தடிப்பு. ஒரு மில்லிமீற்றருக்குள் பிடித்தால் வெட்டி எடுப்பதோடு பெரும்பாலும் கதை முடிந்துவிடும்.

செம்பாட்டான் தம்பி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெரியாஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவிலோ பக்கத்து அரச ஆஸ்பத்திரியிலோ காட்டினால் தோல் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தருவார்கள். காசு இல்லை. காலை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போங்கள், செம்மண் ஏறிய வெடிப்புக்குள் ஒன்றும் தெரியாது. மருதாணி, மஞ்சள், பச்சிலை ஒன்றும் பூச வேண்டாம்.

மெல்பேர்ண் மாமா

டொக்டர் சொன்னதற்கு ஒரு சாட்சி. ஜமேக்காப் பாடகர் பொப் மார்லிக்கு இதே வகைதான். 1977இல் கால் பெருவிரல் நகத்துக்குக் கீழே கண்டுபிடித்தார்கள், 1981 மே மாதம் இறந்தார். வயது 36.

அசல் சுன்னாகத்தான்

பொப் மார்லியின் தகப்பன் வெள்ளைக்காரன். கூகிளில் பார்த்தேன்.

வெள்ளைக்கோட்டு

யப்பான்காரரின் தகப்பன்மார் யப்பான்காரர்தான் அண்ணை. அங்கேயும் மெலனோமாவில் அதிகம் காண்கிற வகை இதுதான்.

கடலோடி (மயிலிட்டி)

கடற்கரைக்கு வாருங்கள், வெயில் என்றால் என்ன என்று காட்டுகிறேன். மேலிருந்து ஒரு அடி, தண்ணீரிலிருந்து இன்னொரு அடி. சோளகம் வீசுகிற நாளில் காற்றுக் குளிர்மையாக இருக்கும், சுடுவது தெரியாது, இரவு படுக்கும்போது தோள் எரியும். எங்கள் ஆட்களின் கீழ் உதடு வெடித்து வெடித்துக் காய்ந்து கிடக்கும். அதற்கு என்ன செய்வது? வெள்ளை பெனியனை நனைத்துப் போட்டுக்கொண்டுதான் தொழிலுக்குப் போகிறோம்.

வெள்ளைக்கோட்டு

நனைந்த வெள்ளை பெனியன்தான் மோசம் அண்ணை. மெல்லிய வெள்ளைப் பருத்தி காய்ந்திருக்கும்போதே கதிரை ஓரளவுதான் மறிக்கும், நனைந்தால் இன்னும் குறையும். நெருக்கமாக நெய்த, கடும் நிறமான, கை நீண்ட சட்டை போடுங்கள். சூடாக இருக்கும் என்பது தெரியும், தளர்வாகத் தைத்தால் காற்றுப் போகும். விளிம்பு வைத்த தொப்பி வேண்டும். கிரிக்கெட் தொப்பி காதையும் பிடரியையும் காப்பாற்றாது. பனை ஓலைத் தொப்பி காப்பாற்றும், எங்கள் ஊரிலேயே இழைக்கிறார்கள், கிறீம் விலையில் பல வாங்கலாம்.

கீழ் உதட்டை விளையாட்டாக எடுக்க வேண்டாம். கடலில் நிற்கிறவர்களுக்கு அங்கே வெள்ளை படர்ந்து, சொரசொரத்து, ஒரு இடத்தில் புண்ணாகி மூன்று நான்கு வாரத்தில் ஆறவில்லை என்றால் காட்டுங்கள். பீடியும் சேர்ந்தால் இரட்டிப்பு.

வெயில் கடுமை பற்றி ஒன்று. காண்டாவனம்தான் மோசமான காலம் என்று நினைக்கிறோம். ஆனால் சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில் நிற்பது சித்திரை வருடப்பிறப்பை அண்டிய நாட்களில், பிறகு ஆவணியில் இன்னொரு தடவை. புற ஊதாச் சுட்டெண் 11ஐத் தொட்டால் “மிகக் கடுமை” என்று உலகத்தில் வகுத்திருக்கிறார்கள். இங்கே அந்த மாதங்களில் மதியம் அது சாதாரணம். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிற நேரம் கதிர் உச்சத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பாய்க் கிளி

வெயிலே கூடாது என்றால் விற்றமின் டீ?

வெள்ளைக்கோட்டு

காலை மாலை வெயிலில் நடமாடுகிறவர்களுக்கு இதனால் பயப்படத் தேவையில்லை. குறைவு என்று இரத்தத்தில் தெரிந்தால் குளிசை இருக்கிறது.

ரீச்சர் அக்கா (வடமராட்சி)

என் வகுப்பில் ஒரு பிள்ளை பிறப்பிலேயே தோலும் முடியும் வெள்ளை. கண் கூசும். காலைப் பிரார்த்தனைக்கு முற்றத்தில் நின்றாலே முகம் சிவந்து கொப்பளிக்கிறது. மெய்வல்லுநர் போட்டிக் காலத்தில் முழுநாளும் மைதானம். மற்றப் பிள்ளைகளோடு வேறுபாடு காட்டக் கூடாது என்று நிறுத்தி வைக்கிறார்கள். பெற்றோருக்கும் இது ஒரு நோய் என்ற எண்ணமே இல்லை, “வெள்ளைக்காரப் பிள்ளை” என்று பெருமைகூட.

வெள்ளைக்கோட்டு

ரீச்சர், இந்த இழையில் அவசரமான பதிவு உங்களுடையதுதான். இந்தப் பிள்ளைகளின் தோலில் மெலனின் இல்லை அல்லது மிகக் குறைவு. மேலே நான் சொன்ன “எங்களுக்குக் குறைவு” என்ற ஆறுதல் இவர்களுக்குச் செல்லாது. ஆபிரிக்காவில் இப்படிப் பிறந்தவர்களுக்கு இளவயதிலேயே முகத்திலும் காதிலும் கழுத்திலும் புற்றுநோய் வருகிறது. மெல்பேர்ண் மாமாவின் ஆலோசனை சொல்லுக்குச் சொல் பொருந்துவது இந்தப் பிள்ளைக்குத்தான். கிறீம் இவருக்கு அழகுப் பொருள் இல்லை, மருந்து.

அதிபரிடம் பேசி நிழலில் நிற்கவும், நீண்ட கைச் சட்டையும் தொப்பியும் போடவும், கறுப்புக் கண்ணாடி வைக்கவும் அனுமதி வாங்கித் தாருங்கள். தேவையென்றால் கிளினிக்கில் கடிதம் தருவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருக்கால் தோல் கிளினிக், கண் கிளினிக் இரண்டும். முன் வாங்கில் இருத்தினால் கரும்பலகையும் தெரியும்.

வெண்புள்ளியை இதோடு குழப்ப வேண்டாம். அது இடையில் வருவது, தொற்றாது, குட்டமும் இல்லை. அந்த வெள்ளை இடங்கள் வெயிலில் சுடும், மூடிக்கொண்டால் போதும்.

செம்பாட்டான்

அம்மாவைக் காட்டினேன். பெரிய டொக்டர் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்தார், பிறகு பிளேட்டால் தடித்த தோலை மெல்லச் சீவினார். கறுப்பு சீவலோடேயே வந்துவிட்டது. தோலுக்குள் உறைந்த பழைய இரத்தமாம். மற்றக் காலையும் உள்ளங்கைகளையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அம்மா வெளியே வந்து “முள்ளெண்டு நான் சொன்னனான்தானே” என்று ஒரே வெற்றி. பெரியப்பாவுக்கும் ஃபோன் போட்டாயிற்று.

ஊன்றுகோல் (கிளிநொச்சி)

டொக்டர், என் அப்பாவுக்கு யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் ஷெல் விழுந்து இடது காலில் முழங்காலுக்குக் கீழே பெரிய எரிகாயம். 90களின் தொடக்கம். தோல் மாற்றி ஒட்டவெல்லாம் அப்போது வசதி இல்லை, தானாக ஆறி, சுருங்கிய தழும்பாக நின்றது. அவ்வப்போது வெடித்துப் புண்ணாகும், மருந்து கட்டினால் மூடும். இந்த முறை மூடவில்லை. ஓரம் தடித்து எழும்பி நிற்கிறது, மணமும் இருக்கிறது. பரியாரியார் எண்ணெய் கட்டுகிறார். சீனி வருத்தம் இல்லை. நான் கேட்க வேண்டிய இடம் இதுதானா என்று தெரியவில்லை.

வெள்ளைக்கோட்டு

இதுதான் இடம். நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியதும் இதுதான், ஏனென்றால் எந்த வெளிநாட்டுச் சுவரொட்டியிலும் இது வராது.

பழைய எரிகாயத் தழும்பிலும், வருடக்கணக்காக ஆறி ஆறித் திறக்கிற புண்ணிலும், எலும்புக்குள்ளிருந்து சீழ் வடிகிற துவாரத்திலும் தோல் புற்றுநோய் வரலாம். மார்ஜொலின் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1828இலேயே இப்படியான புண்களைப் பற்றி எழுதினார், அவருடைய பெயரில்தான் இன்றைக்கும் சொல்கிறோம். காயம் பட்டு இது வர எடுக்கிற காலம் சராசரியாக முப்பது வருடத்தை அண்டியது. இப்போது கணக்குப் போடுங்கள். 80களின் கடைசியிலும் 90களிலும் ஷெல்லிலும் குண்டுவீச்சிலும் எரிந்தவர்கள், அப்போது சரியாக ஒட்டுப் போடப்படாதவர்கள், எல்லோரும் இப்போது அந்தக் காலத்துக்குள் நிற்கிறார்கள். அடுப்பில் விழுந்தவர்கள், மண்ணெண்ணெய் விளக்கில் எரிந்தவர்களும் அப்படித்தான். எரிந்த எல்லோருக்கும் வராது, சிறு பங்குக்குத்தான் வரும். ஆனால் வந்தால் சாதாரண வெயில் புற்றுநோயைவிடச் சுறுசுறுப்பாக நெறிக்கட்டிக்குப் பரவும்.

உங்கள் அப்பாவின் புண் அதுதான் என்று நான் சொல்லவில்லை, கிருமியால்கூட அப்படி இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியவை, மூடாத புண், எழும்பிய ஓரம், மணம், மூன்றும் பரிசோதனை கேட்கிற அறிகுறிகள். தொட்டால் இரத்தம் வருகிறதா, பூக்கோவா மாதிரிச் சதை வளர்கிறதா, அரையில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தக் கிழமைக்குள் கூட்டிக்கொண்டு போங்கள். புண்ணின் ஓரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் சிறு துண்டு எடுத்துப் பயொப்சிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், ஒரே துண்டில் தவறிவிடலாம். பரியாரியாரைக் கோபிக்க வேண்டாம், முடிவு வரும் வரை எண்ணெயை நிறுத்தினால் போதும்.

ஜெய்ப்பூர் கால் (செயற்கைக் கால்) போட்டிருக்கிறவர்களும் இதை வாசியுங்கள். முளைக்கால் (வெட்டியபின் மிஞ்சிய கால்) சுருங்கிச் சுருங்கி, அது நுழைகிற குழிவு பொருந்தாமல் போகும், ஒரே இடத்தில் உரசும். உரசி உரசிப் புண் பழசாக விடாதீர்கள், குழிவை மாற்றுங்கள்.

அசல் சுன்னாகத்தான்

டொக்டர், மரியாதையோடு ஒன்று. கத்தி பட்டால் கான்சர் பரவும் என்பது ஊர் அறிந்த விஷயம். என் சின்னம்மாவுக்குத் துண்டு வெட்டினார்கள், ஆறு மாதத்தில் போய்விட்டா. வெட்டாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருப்பா.

வெள்ளைக்கோட்டு

சின்னம்மாவுக்காக வருந்துகிறேன் அண்ணை. ஆனால் எங்களிடம் பலர் வருவது கடைசிக் கட்டத்தில். அப்போது வெட்டினாலும் சாவு, வெட்டாவிட்டாலும் சாவு, பழி கத்திக்கு. தோலில் பயொப்சி எடுப்பதால் நோய் பரவுவதில்லை. எடுக்காமல் என்ன வகை, எவ்வளவு ஆழம் என்று தெரியாது, தெரியாமல் எவ்வளவு அகலம் வெட்டுவது என்றும் தெரியாது. ஊசி போட்டு விறைக்கப்பண்ணி எடுப்பார்கள், அன்றே வீட்டுக்குப் போகலாம்.

புற்றுநோய் என்றே முடிவு வந்தாலும் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்ற காலம் இல்லை. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி சேர்த்தார்களே, அது அதற்காகத்தான்.

சாவகச்சேரிச் சாந்தி

இதையும் எழுதிவிடுகிறேன், பெயர் இடம் சொல்லவில்லை. என் அக்காவுக்கு மூக்கோரத்தில் மினுமினுப்பான கறுத்த மணி ஒன்று. முகம் துடைக்கும்போது கசியும், பொருக்கு விழும், திரும்ப வரும். முதலில் வீட்டில் பாலுண்ணி என்று சுண்ணாம்பும் சவர்க்காரமும் குழைத்து வைத்தார்கள். பிறகு காசு கட்டி ஓரிடத்தில் சுட்டு எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை, வாளிக்குள் போட்டுவிட்டார்கள். ஒரு வருடத்தில் அதே இடத்தில் பெரிதாக வந்தது. அரச ஆஸ்பத்திரியில் பயொப்சி எடுத்தபோதுதான் பேசல் செல் கான்சர் என்று தெரிந்தது. பரவவில்லை, வெட்டி எடுத்துக் கன்னத்துத் தோலால் மூடினார்கள். இப்போது நன்றாக இருக்கிறா. முதல் தடவையே செய்திருந்தால் தழும்பு சிறியது.

வெள்ளைக்கோட்டு

நன்றி சாந்தி. வெள்ளைத் தோலில் அது முத்துப் போல ரோஸ் நிறத்தில் இருக்கும், எங்கள் தோலில் பெரும்பாலும் கறுப்பாக வருவதால் மச்சம் என்று ஏமாற்றும். பெரும்பாலும் பரவாது, ஆனால் மூக்கு, கண் ஓரத்தில் விட்டால் அரித்துக்கொண்டே போகும். யார் எதைச் சுட்டாலும் வெட்டினாலும் “சோதனைக்கு அனுப்புகிறீர்களா” என்று கேளுங்கள். இல்லை என்றால் எழும்பி வாருங்கள்.

இன்னொன்று: கடையில் வாங்குகிற வெள்ளையாக்கும் கிறீமும், படர்தாமரைக்கு என்று தருகிற ஸ்டெரொயிட் கிறீமும். ஆறாத ஒரு செதில் தடிப்பின்மேல் அதை மாதக்கணக்கில் பூசினால் சிவப்பு அடங்கும், நோய் உள்ளே இருக்கும். தோலின் மேற்படையிலேயே தொடங்குகிற ஒரு புற்றுநோய் பார்க்க அசல் எக்சிமா போலவே இருக்கும்.

ஊன்றுகோல்

அப்பாவைக் கொண்டுபோய்க் காட்டினோம். நான்கு இடத்தில் துண்டு எடுத்திருக்கிறார்கள். முடிவு வர நாளாகும் என்றார்கள். நடக்க விடாமல் வைத்திருக்கிறோம், பேச்சு வாங்கிக்கொண்டு.

பல்கலைப் பிள்ளை (திருநெல்வேலி)

இதையெல்லாம் வாசித்துவிட்டு என் நகங்களைப் பார்த்தேன், பயமாகிவிட்டது. இரண்டு கைப் பெருவிரலிலும் இன்னும் மூன்று விரலிலும் மெல்லிய மண்ணிறக் கோடுகள், அடியிலிருந்து நுனி வரை. அம்மாவுக்கும் இருக்கிறது. நான் தூங்கலாமா, டொக்டர்?

வெள்ளைக்கோட்டு

தூங்குங்கள் தங்கச்சி. எங்களைப் போன்ற தோலுக்கு வயது போகப் போகப் பல நகங்களில் இப்படிக் கோடு வருவது வழமை. பல விரலில், மெல்லியதாக, ஒரே நிறத்தில், குடும்பத்திலும் இருந்தால் கவலை இல்லை.

நான் தேடுவது வேறு. வளர்ந்தவருக்கு ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்த கோடு, அதுவும் கைப் பெருவிரலில் அல்லது கால் பெருவிரலில். மூன்று மில்லிமீற்றரைத் தாண்டியது, அடிப்பக்கம் அகன்று நுனிப்பக்கம் ஒடுங்கியது (அப்படியென்றால் அது வளர்கிறது), ஒரே கோட்டுக்குள் கறுப்பும் மண்ணிறமும் கலந்தது, நகம் பிளக்கத் தொடங்கியது. கறுப்பு நகத்தைத் தாண்டி நகக்கண் தோலுக்கு ஏறியிருந்தால் அன்றைக்கே கிளினிக்குக்குத் துண்டு வாங்குங்கள். அடிபட்ட இரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர முன்னுக்கு நகர்ந்து போகும். கால் பெருவிரலில் அதற்குப் பல மாதம் எடுக்கும். நகராமல் அதே இடத்தில் நின்றால் அது இரத்தக்கட்டு இல்லை. ஃபோனில் மாதம் ஒருக்கால் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்தால் நகர்ந்ததா இல்லையா என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. கிளினிக்குக்கு வரும்போது இரண்டு காலிலும் நகப்பூச்சை அழித்துவிட்டு வாருங்கள்.